பாரிசில் போனுக்குக் காவல்

போன வாரம், பனி கொட்டிய பிறகும் காருக்கு விண்டர் டயர் மாற்றாத கணவர்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? சில கணவர்கள் கோபித்துக்கொண்டு மெயில் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். ஆகவே வீட்டுச் சமாதானத்தை முன்னிட்டு, இந்த வாரம் கொஞ்சம் தூரமாகப் போய்விடலாம் — ஐரோப்பா வரைக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் இடியப்பம் வாங்கப் போனேன். சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கடையில் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் நின்றது சுபா — ஸ்காபரோவில் நாங்கள் அப்பார்ட்மெண்டில் இருந்த காலத்தில் எதிர்க் கதவு. கூடவே அவளுடைய மகள் அனிஷா. நான் தூக்கித் திரிந்த பிள்ளை. இப்போது என்னைவிட உயரம்.

"அன்ரி! கெஸ் வாட்? எனக்கு ஒரு செமெஸ்டர் ஹொலண்ட்ல படிக்க சான்ஸ் கிடைச்சிருக்கு!"

நான் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சுபா முந்திக்கொண்டாள்.

"படிக்கவோ போறாள்? ஊர் சுத்தப் போறாள். வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வாறாவாம். ஹொஸ்டல் எல்லாம் பாத்து வைச்சிருக்கிறா. பாரிசிலை என்ரை தம்பி குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை, இவ போய் ஆரோ தெரியாத ஆக்களோடை ஒரே அறையிலை தட்டுக் கட்டில்லை படுக்கப் போறாவாம். சனம் என்ன சொல்லும்?"

"அம்மா, நான் பாரிஸ் பாக்கத்தான் போறன். மாமான்ரை லிவிங் ரூம் பாக்க இல்லை. அன்ரி, நீங்களும் ஹொலண்ட்ல படிச்சனீங்கள்தானே? நீங்களே சொல்லுங்கோ. எந்த ஹொஸ்டல் பெஸ்ட்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இடியப்பம் எண்ணிக்கொண்டிருந்த அன்ரிகூட எண்ணுவதை நிறுத்திவிட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? அரை வருடம் ஐரோப்பாவில் இருந்தவள். ஒரு சுற்றுலா ஹொஸ்டலின் வாசலைக்கூட மிதிக்காதவள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். என் முறை வந்ததும் இடியப்பத்தையும் சொதிப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். ஆனால் காரை உடனே எடுக்கவில்லை. கண்ணாடியெல்லாம் சொதி ஆவியில் மங்கிப்போக, அந்தப் பார்க்கிங்கிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாரிசில் என் பெரியம்மா வீட்டுக் கண்ணாடியும் இப்படித்தான் மங்கியிருக்கும்.

அப்போது நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் மூன்றாம் வருடம். பாடம் புவியியல். ஒரு செமெஸ்டர் ஹொலண்டில் படிக்கலாம் என்று வாய்ப்பு வந்தது. விண்ணப்பித்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை, அங்கே சைக்கிள் ஓட்டத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான். ஊரில் யுத்தம் முடியப்போகிற வசந்தமாக அது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஹொலண்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் எங்கள் பல்கலைக்கழக விடுதி காலி. எல்லோரும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு கிளம்பிவிடுவார்கள். ப்ராக், லிஸ்பன், வெனிஸ்... என் பக்கத்து அறை லூசியா, ஸ்பெயின்காரி, சுவரில் ஐரோப்பா மேப் ஒட்டி, போன ஊருக்கெல்லாம் சிவப்பு ஊசி குத்தி வைத்திருந்தாள்.

எனக்கும் ஒரு மேப் இருந்தது. அது அம்மாவின் தலைக்குள் இருந்தது. பாரிசில் பெரியம்மா. ஜெர்மனியில் சின்னம்மா. சுவிசில் மாமா. லண்டனில் சொல்லி மாளாது. சொந்தக்காரர் இல்லாத நாடு அம்மாவின் ஐரோப்பாவில் இல்லவே இல்லை.

"அம்மா, அடுத்த கிழமை இத்தாலிக்குப் போவம் எண்டு நினைக்கிறன்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

இதற்கு யாராவது பதில் சொல்லிப் பாருங்கள். என்னால் முடியவில்லை. இத்தாலி போகவும் இல்லை.

ஜெர்மனியில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அந்த ஊரில் உலகப் பிரசித்தமான பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. பார்த்தேன் — காரின் பின்சீட்டில் இருந்து, மடியில் ஒரு தட்டுப் பலகாரத்தை ஏந்திக்கொண்டு. ஏனென்றால் சின்னம்மாவின் சிநேகிதியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, அதற்கு நேரமாகிவிட்டது. சுவிசில் மாமா வீட்டுப் பல்கனியில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தது. மோர்மிளகாய்க்கு அந்தப் பக்கம் ஆல்ப்ஸ் மலை. அந்தப் போட்டோ இன்றும் என்னிடம் இருக்கிறது. மிளகாய்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

எந்த நாட்டு வீடாக இருந்தாலும் வரவேற்பு ஒரே மாதிரி. கதவு திறக்கும். முதல் கேள்வி: "ஆற்றை பிள்ளை?" உங்கள் பெயர் யாருக்கும் முக்கியம் இல்லை. நீங்கள் யாருடைய பிள்ளை என்பதுதான் முக்கியம். அப்பாவின் பெயரைச் சொல்லவேண்டும். போதாது. அம்மாவின் பெயர். போதாது. அம்மாவின் தகப்பனார் எந்தச் சந்தியில் என்ன கடை வைத்திருந்தார்... எங்கேயோ ஓரிடத்தில் அவர்களுக்கு நூல் பிடிபடும். "அட, எங்கடை பிள்ளையெல்லோ!" அவ்வளவுதான். அதுவரை "நீர்" என்று கூப்பிட்டவர்கள் "நீ" என்பார்கள். அடுத்த கேள்வி, என்ன படிக்கிறாய். அதற்கடுத்தது, சாப்பிட்டியோ.

கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லவேண்டும். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது. இது அம்மாவின் சட்டம். கனடாவில் வளர்ந்தாலும் நான் அதில் கெட்டிக்காரி.

(அனிஷா, இதை நீ வாசிக்கமாட்டாய் என்று தெரியும். உன் அம்மா வாசித்துச் சொல்லட்டும். வெள்ளி இரவு ஹொஸ்டல், சனி இரவு மாமா வீடு. இதுதான் என் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.)

இனிப் பாரிசுக்கு வருகிறேன்.

பாரிஸ் பெரியம்மா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் வாய் திறந்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். சிரித்தால் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவி துடைப்பத்தால் கூரையைத் தட்டுவாள். மகன் கல்யாணம் முடித்து லண்டனுக்குப் போய்விட்டதால், சின்ன ஃபிளாட்டில் அவரும் பெரியப்பாவும் மட்டும். பெரியப்பாவுக்கு ஒரு ரெஸ்டோரண்ட் கிச்சினில் வேலை. பெரியம்மாவுக்கு ஆபீஸ்களைத் துப்புரவு செய்யும் வேலை.

முதல்முறை நான் போனது பெப்ரவரியில். பஸ்ஸால் இறங்கியதும் நேரே லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். முருங்கைக்காய், விளைமீன், எனக்கு ஒரு சுரிதார். திரும்பும்போது ஒரு திருப்பத்தில், தூரத்தில் ஈஃபில் கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது.

"பெரியம்மா, அங்கை போவமே?"

"போகாமல் விடுறனோ? உன்னை உச்சியிலை ஏத்திக் காட்டிப்போட்டுத்தான் அனுப்புவன். நான்கூட வந்த காலத்திலை இருந்து ஏறேல்லை. இண்டைக்கு மீன் பழுதாப் போகும். அடுத்தமுறை."

அடுத்தமுறை நான் போனபோது அந்த வீடு வேறு வீடாகிவிட்டிருந்தது.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. தவம் மாமா. மனைவி, ஒரு மகள், ஒரு மகனோடு வன்னியில் இருந்தார். அந்த வருடம் பிறந்ததில் இருந்து சண்டை நெருங்க நெருங்க, ஊர் ஊராய் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ ஒரு போனைப் பிடித்து இடையிடையே அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். ஒருநாளோடு அதுவும் நின்றுவிட்டது. இருக்கிறார்களா, இல்லையா, இருந்தால் யார் யார் இருக்கிறார்கள்? ஒன்றும் தெரியாது.

சண்டைக்குள் அகப்பட்டவர்களில் சிலர் வெளியே வந்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து யாருடையதோ போனை வாங்கி, ஒரு நிமிடம், அரை நிமிடம் வெளிநாட்டுச் சொந்தங்களோடு பேசினார்கள். தவம் மாமாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளிநாட்டு நம்பர் ஒன்றே ஒன்றுதான். பெரியம்மா வீட்டு லேண்ட்லைன்.

ஆகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. போனடியில் எந்த நேரமும் ஓர் ஆள் இருக்கவேண்டும்.

ரிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அந்தப் போன். பெரியப்பா வேலைக்குப் போனால் பெரியம்மா காவல். பெரியம்மா வேலைக்குப் போனால் பெரியப்பா காவல். பெரியம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிப்பார். கோயிலுக்குப் போகவில்லை. லாச்சப்பலுக்குப் போகவில்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களுக்கு எல்லோரும் போனார்கள், அதற்கும் போகவில்லை. அந்த லைனை யாரும் பிஸியாக்கக்கூடாது. உலகம் முழுக்க உள்ள சொந்தங்களுக்கு உத்தரவு போயிருந்தது — செல்போனுக்கு மட்டும் கோல் எடுக்கவும்.

எங்கள் அம்மா ஒருநாள் மறந்துபோய் லேண்ட்லைனுக்கு எடுத்துவிட்டார். பெரியம்மா பாய்ந்து எடுத்தார். "தம்பி!" என்றார். மறுமுனையில் அம்மாவின் குரல். "வசந்தி, வையடி போனை!" என்று கத்திவிட்டு அடித்து வைத்தார். பிறகு செல்போனில் தானே அம்மாவை எடுத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். அம்மாவும் அப்போது ரொறன்ரோவில் வேலை முடிந்ததும் டவுன்ரவுனுக்குப் போய், குளிருக்குள் கூட்டத்தோடு பதாகை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறவர். வீட்டில் சமையல் இல்லை, அப்பாவும் தம்பியும் பிட்சா சாப்பிடுகிறார்கள் என்று எனக்குச் செய்தி வரும்.

அந்தப் போனுக்கு வேறு யார் எடுப்பார்கள்? ஜன்னல் விற்கிறவர்கள். இண்டர்நெட் விற்கிறவர்கள். ஒவ்வொருமுறையும் பெரியம்மா "தம்பி!" என்றுதான் எடுப்பார். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் மூச்சுவிடாமல் பேசுவான். பெரியம்மா அவனைத் திட்டியதே இல்லை. "நோ மெர்சி, மிசியூ" என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டு, அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே முடியாது.

"பெரியம்மா, வெள்ளிக்கிழமையிலை இருந்து ஞாயிறு மட்டும் நான் போனடியிலை இருக்கிறன். நீங்கள் கொஞ்சம் வெளியிலை போய் வாங்கோ, கொஞ்சம் படுங்கோ" என்றேன்.

அப்படித்தான் என் ஐரோப்பியச் சுற்றுலா அந்த ஃபிளாட்டோடு நின்றது. வெள்ளிக்கிழமை பஸ், சோபா, ஸ்டூல், போன். ஞாயிற்றுக்கிழமை பஸ். லூசியாவின் மேப்பில் ஊசிகள் கூடிக்கொண்டே போயின. "திரும்பவும் பாரிசா? யார் அந்தப் பையன்?" என்று கேட்டாள். ஒரு பையன் இருக்கிறான் என்றே சொல்லிவிட்டேன். மற்றதை விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. பெரியம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார். பெரியப்பா ரெஸ்டோரண்டில் இருந்து எனக்கென்று ஒரு துண்டு கேக்கைத் திசுப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். பாடப் புத்தகம் மடியில் கிடக்கும். பெரியம்மா தன் தம்பியின் சின்ன வயதுக் குழப்படிகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துவிட்டு கோயில் கேணியில் நீந்தியது. அக்காவின் கல்யாணத்தன்று பலகாரப் பெட்டிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டது. நான் ஒருநாளும் கண்டிராத அந்த மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும்போல ஆகிவிட்டது. போன் வந்தால் என்ன கேட்கவேண்டும் என்றும் பெரியம்மா சொல்லித் தந்திருந்தார். முதலில், ஆர் ஆர் இருக்கினம். பிறகு, எங்கை இருக்கினம். மற்றது எல்லாம் பிறகு.

மே மாதம். யுத்தம் முடிந்துவிட்டது என்று ரிவி சொன்னது.

வகுப்பை விட்டுவிட்டு அந்த வாரம் முன்னதாகவே பஸ் ஏறினேன். பெரியம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்கள். பெரியம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரர்தான் வற்புறுத்தி எழுப்பினார். "அக்கா, கோயிலடிக்கு ஒருக்கா வாங்கோ. ஒரு விளக்கை வைச்சிட்டு உடனை வந்திடலாம். பிள்ளை இருக்கிறாள்தானே." பெரியம்மா என்னைப் பார்த்தார். போங்கோ என்றேன். சீலையைக்கூட மாற்றாமல் போனார்.

அவர் படியிறங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

ஜன்னல்காரன்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"ஹலோ... அக்கா?"

இரைச்சல். காற்று. பின்னால் நிறையச் சனம் பேசும் சத்தம்.

"பெரியம்மா வெளியிலை போயிட்டா. நீங்கள் ஆர்?"

"நான் தவம். தவராசா. நீர் ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"மாமா! நான் வசந்தியின்ரை மகள்."

"எந்த வசந்தி? கனடா வசந்தியக்காவோ?"

"ஓம் மாமா."

"அட... வசந்தியக்கான்ரை மகளோ! நீ எப்ப பிள்ளை பாரிசுக்கு வந்தனீ?"

"ஹொலண்டிலை படிக்கிறன் மாமா. லீவுக்கு வந்தனான்."

"என்ன படிக்கிறாய்?"

"புவியியல்."

"பூமிசாத்திரமோ! நல்லது, நல்லது. எனக்கும் பள்ளிக்கூடத்திலை பிடிச்ச பாடம் அதுதான். இப்ப உனக்கு எத்தினை வயசு?"

"இருபத்தொண்டு."

"இருபத்தொண்டு..." என்று மாமா திருப்பிச் சொன்னார். பின்னால் யாரோ, "அண்ணை, கெதியாக் கதையுங்கோ, ஆக்கள் நிக்கினம்" என்பது கேட்டது. பெரியம்மா சொல்லித் தந்த கேள்விகள் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

"மாமா, நீங்கள் எங்கை நிக்கிறியள்? மாமி எங்கை? பிள்ளையள்..."

"சாப்பிட்டியோ?"

"ஓம் மாமா. மாமா, ஆர் ஆர் இருக்கிறியள்?"

"என்ன சாப்பிட்டனீ?"

"பாணும் சம்பலும்."

பொய். காலையில் இருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"வடிவாச் சாப்பிடு பிள்ளை. படிக்கிற பிள்ளை... நல்லாப் படிக்கவேணும், என்ன? அக்காட்டைச் சொல்லு..."

லைன் அறுந்துவிட்டது.

நான் அந்தப் போனை வைக்காமல் நின்றேன். பிறகு, திரும்ப எடுத்தாலும் எடுப்பார் என்று பயந்து வைத்தேன். எடுக்கவில்லை. உலகத்தில் வேறு எந்தச் சனமாவது இப்படிச் செய்யுமா? அந்த யுத்தத்துக்குள் இருந்து உயிரோடு வெளியே வந்து, யாருடையதோ போனைக் கெஞ்சி வாங்கி, கிடைத்த அந்த ஒரு நிமிடத்தில்... ஆற்றை பிள்ளை, என்ன படிக்கிறாய், சாப்பிட்டியோ! எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

பெரியம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"எடுத்தவனோ?"

"எடுத்தவர்."

"ஆர் ஆர் இருக்கினமாம்?"

"தெரியேல்லை பெரியம்மா. சொல்லேல்லை. கட்டாயிட்டுது."

திட்டுவார் என்று நினைத்தேன். இத்தனை வாரம் காவல் இருந்தும் முதல் கேள்விக்குப் பதில் வாங்காதவள் நான். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து நிலத்தில் உட்காரவைத்தார். முதலில் இருந்து சொல்லு என்றார். சொன்னேன். திரும்பவும் சொல்லு என்றார். சொன்னேன். பெரியப்பா வந்தபிறகு அவருக்கும் சொன்னேன். பூமிசாத்திரத்தில் பெரியம்மா சிரித்தே விட்டார். "அவனுக்கு அது ஒண்டுதான் பாசானது!"

பிறகு கேட்டார். "சாப்பிட்டியோ எண்டு கேட்டவனோ? அவனாக் கேட்டவனோ?"

"ஓம். ரெண்டுதரம்."

பெரியம்மா எழுந்து சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"அப்ப எல்லாரும் இருக்கினம். வீட்டிலை ஒண்டைப் பறிகுடுத்தவன் இன்னொருத்தியின்ரை பிள்ளையைச் சாப்பிட்டியோ எண்டு விசாரிச்சுக்கொண்டு நிக்கமாட்டான். எல்லாரும் இருக்கினம்."

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. சோறு, மீன்குழம்பு, முருங்கையிலை வறை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆவியில் மங்கிப்போனது. அம்மாவைப் போனில் எடுத்து, "எல்லாரும் இருக்கினமடி வசந்தி" என்று பெரியம்மா பெரிய குரலில் சொன்னார். கீழ்வீட்டுக் கிழவி துடைப்பத்தால் தட்டினாள். அந்தத் தட்டலை நாங்கள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அடுத்தநாள் காலையில் பெரியம்மா புதுச் சீலை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். "வெளிக்கிடு. கோபுரம் பாப்பம்."

பெரியப்பா போனடியில் இருந்தார். நாங்கள் மெட்ரோ பிடித்துப் போனோம். வரிசையில் நின்றோம். உச்சிவரை ஏறினோம். மேலே காற்று எங்களைத் தள்ளியது. பெரியம்மா ஒரு கையால் சீலையையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, தன் வீடு எந்தப் பக்கம் என்று தேடினார். நான் புவியியல் மாணவி என்ற கெத்தில் வடக்கைக் காட்டினேன். அவர் தெற்கைப் பார்த்து, "அந்தா, அதுதான் எங்கடை பில்டிங்" என்றார். விட்டுவிட்டேன்.

"தம்பியை இஞ்சை எடுப்பிக்கவேணும். பிள்ளையள் ரெண்டையும் இதிலை ஏத்திக் காட்டவேணும். மகளுக்கு உன்ரை வயசுதான். துளசி. நீதான் அவளைக் கூட்டிக்கொண்டு திரியவேணும், என்ன?"

"ஓம் பெரியம்மா."

ஐரோப்பாவில் நான் ஒழுங்காகப் பார்த்த ஒரே இடம் அதுதான். இன்றைக்கும் யாராவது ஈஃபில் கோபுரம் என்றால் எனக்கு இரும்பு ஞாபகம் வருவதில்லை. பெரியம்மாவின் அந்த முகம்தான் வரும். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் பிறகு கண்டதில்லை.

ஒரு கிழமை கழித்து விடுதியில் என் போன் அடித்தது. பெரியப்பா. பெரியப்பா என்னை ஒருநாளும் எடுக்கிறவர் இல்லை.

மாமா திரும்பவும் எடுத்திருந்தார். இந்தமுறை பெரியம்மாவே பேசியிருக்கிறார். மாமாவும் மாமியும் மகனும் முகாமில் இருக்கிறார்கள். துளசி இல்லை. கடைசி நாட்களில், வெளியே வரும் வழியில், ஷெல் குண்டு விழுந்து...

முதல்முறை எடுத்ததே அக்காவுக்கு அதைச் சொல்வதற்குத்தானாம். ஆனால் மறுமுனையில் கேட்டது ஒரு பெட்டைப் பிள்ளையின் குரல்.

"அந்தப் பிள்ளையிட்டை எனக்கு அதைச் சொல்ல வாய் வரேல்லை அக்கா" என்று மாமா சொன்னாராம். "அவள் படிக்கிறன், சாப்பிட்டனான் எண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே நிக்கலாம்போலை இருந்தது."

நான் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். லூசியா வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தப் பையன் உன்னை விட்டுவிட்டானா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.  அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியம்மா என்னோடு பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் கணக்குப் பிழையாப் போட்டிட்டன் பிள்ளை." எனக்கு அவர் பிழையாகப் போட்டதாகத் தெரியவில்லை. தன் தம்பி எப்படிப்பட்டவன் என்று அவருக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

வருடங்கள் ஓடிவிட்டன. மாமா குடும்பம் எத்தனையோ சீரழிந்து, கடைசியில் பாரிசுக்கே வந்து சேர்ந்துவிட்டது. மகன் அங்கே வேலை செய்கிறான். மாமா மாதத்தில் ஒருதரமாவது ரொறன்ரோவுக்கு எனக்குக் கோல் எடுப்பார். என் வீட்டுக்காரருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பது மாமாவுக்குத் தெரியும். மூத்தவனுக்குப் பல் முளைத்ததும் தெரியும், விழுந்ததும் தெரியும். பக்கத்து மார்க்கம் நகரத்தில் வீட்டு விலையைக்கூட விசாரிப்பார். மறதி என்பது அவருக்குக் கிட்டவும் வராது. எல்லாம் கேட்டு முடித்து, போனை வைப்பதற்கு முதல், குரலைத் தணித்து ஒரு கேள்வி கேட்பார்.

"பிள்ளை, படிப்பு எப்பிடிப் போகுது?"

முதல்முறை கேட்டபோது, "மாமா, நான் படிச்சு முடிச்சு வேலைக்கும் போய்..." என்று தொடங்கினேன். பாதியில் துளசியின் வயது ஞாபகம் வந்து, நிறுத்திவிட்டேன். 

"நல்லாப் போகுது மாமா. இன்னும் கொஞ்சம் இருக்கு."

"ஆ... நல்லது. ஆறுதலாப் படி."

அன்றிலிருந்து அதுதான் என் பதில். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கிறேன், ஆபீசில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்... இருந்தாலும் பட்டம் வாங்கும் உத்தேசம் எனக்கு இப்போதைக்கு இல்லை.